ஒன்றுவிட்ட திங்கட்கிழமை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டென்மார்க்கின் கோல்டிங் நகரத்தில் என்னைப்போலக் கட்டாக் கருவாடு பொரிக்க ஆள் கிடையாது. பெருமைக்குச் சொல்லவில்லை என்று சொன்னால் அது பொய். பெருமைக்குத்தான் சொல்கிறேன். என் பெயர் லூர்தம்மா.

ஆனால் இந்த நாட்டில் கருவாடு பொரிப்பதற்கும் கலியாணத்துக்குப் பார்ப்பதுபோல நாள் பார்க்கவேண்டும். எனக்கு முதியோர் இல்லத்தில் வேலை. ஒரு கிழமை விட்டு ஒரு கிழமை சனி, ஞாயிறு வேலை வரும். அதற்கு அடுத்து வரும் திங்கள் எனக்கு லீவு. எங்களுக்கு நேர்மேல் வீட்டில் இருக்கும் பிர்கிட் திங்கட்கிழமைகளில் நீச்சல் குளத்துக்குப் போய் மத்தியானம்தான் திரும்புவாள். பிர்கிட்டின் மூக்கு பொலிஸ் நாயின் மூக்கு. அவளுடைய சைக்கிள் முற்றத்தைத் தாண்டினால் என்னுடைய தாச்சி அடுப்பில் ஏறும். புகையை இழுக்கும் விசிறி முழு வேகத்தில் ஓடும். பதினொரு மணிக்குள் பொரித்துச் சாப்பிட்டு, தேசிக்காய்த் தோல் அவித்து, வீட்டை வாசமாக்கிவிடுவேன். இருபத்தாறு வருடங்கள் இப்படியே ஓடின. ஒரு காக்கை குருவிக்கும் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன்.

கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு பேக்கரி இருக்கிறது. அந்த இடம் வீட்டுக்காரர் எல்லோரும் சேர்ந்த சங்கத்துக்குச் சொந்தம். மூன்று வருடங்களுக்கு முன் ரொவீனாவும் கலீனாவும் அதை வாடகைக்கு எடுத்தார்கள். ரொவீனா பிலிப்பைன்ஸ்காரி, ஒரு டேனிஷ் வீட்டில் பிள்ளை பார்க்க வந்தவள். நாங்கள் ஞாயிறு பூசையில் ஒரே வாங்கில் இருக்கிறவர்கள். கலீனா ரஷ்யாக்காரி. சிரிப்பதற்குக் காசு கேட்பாள். இருவரும் மொழி வகுப்பில் சந்தித்து, பாஷை வருவதற்கு முன்னமே கடை போடுவதென்று முடிவெடுத்தவர்கள்.

முதல் நாள் கண்ணாடிக்குப் பின்னால் ஊதா நிறத்தில் ஒரு பணிஸைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டேன். ரஷ்யர்கள் தயிர்க்கட்டி வைத்துச் சுடுகிற வட்டப் பணிஸ் அது. நடுவில் ரொவீனாவின் ஊர்க் கிழங்கு. வாயில் வைத்தேன். எங்களுடைய இராசவள்ளி. அன்றிலிருந்து நான் அந்தக் கடையின் ஆள். எல்லாவற்றிலும் அவர்கள் பெரிதாக நினைத்தது மீன் பணிஸ். கலீனாவின் மாவுக்குள், ரொவீனா வினாகிரியும் உள்ளியும் மிளகும் போட்டுப் பிரட்டிய புகையூட்டிய மீன். பள்ளிக்கூட ஆசிரியர்கள் வரிசையில் நின்று வாங்குவார்கள்.

போன ஐப்பசியில் ஒரு நாள், படியில் பிர்கிட்டைக் கண்டேன். கையில் ஊன்றுகோல்.

"முழங்கால் ஒப்பரேஷன்," என்றாள். "ஆறு கிழமையா வீட்டிலதான். நீச்சலும் இல்லை, ஒண்டும் இல்லை."

முற்றத்தில் சைக்கிளைக் காணாமல், வேளைக்கே போய்விட்டாள் என்று நினைத்து அந்த ஆறு கிழமைக்குள் மூன்று தரம் பொரித்திருக்கிறேன்.

"திங்களில ஒரு நாத்தம் வருகுது," என்றாள். "ஏதோ செத்துக் கிடக்கிற மாதிரி. உனக்கும் வருகுதோ?"

"ஓம்," என்றேன். "கீழயிருந்துதான் வருகுது போல."

என் வாயிலிருந்துதான் வந்தது. யாரும் என்னை நெருக்கவில்லை. அது யாருடைய மணம் என்று தெரியாமல் சொன்னேன் என்றால் என் நாக்கு அழுகிப்போகும். அதைவிட வெட்கக்கேடு, இனி ஒளிக்கத் தேவையில்லை என்று ஒரு துணிச்சலும் வந்துவிட்டது. பழி போக ஓர் இடம் கிடைத்துவிட்டதே. அடுத்த லீவுத் திங்களும் பொரித்தேன், பிறகும் விடவில்லை. இந்தச் சனம் ஒரு முறைப்பாடு எழுதும், பிறகு மறந்துவிடும் என்று என்னையே தேற்றிக்கொண்டேன்.

கார்த்திகையில் மீன் பணிஸ் கண்ணாடிக்குள் இல்லை. ரொவீனாவிடம் கேட்டேன். "கொஞ்ச நாளைக்கு இல்லை," என்று சிரித்தாள். காரணம் சொல்லவில்லை. நானும் கிண்டவில்லை.

சித்திரையில் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்துக்கு மின்னஞ்சல் வந்தது. என் மனுசன் மரியநாயகம் தொலைபேசித் திரையில் பார்த்து வாசித்தார். ஆறாவது விடயம்: மணம் காரணமாகப் பேக்கரியின் வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் விடுவது. கீழே பிர்கிட் குறித்துவைத்த நாட்கள்.

"எல்லாம் திங்கள்," என்றார். "ஒண்டு விட்டு ஒண்டு."

தலையைத் தூக்கிக் குளிர்சாதனப் பெட்டியைப் பார்த்தார். அதன் கதவில் என்னுடைய வேலை அட்டவணை காந்தத்தில் தொங்குகிறது. நாட்கள் அதோடு பொருந்துவது எனக்கு முன்னமே அவருக்கு விளங்கிவிட்டது.

"இஞ்சார், கூட்டத்தில வாயைத் திறவாத. இருபத்தாறு வருசமா இந்தக் கட்டடத்தில நல்ல பேரோட இருக்கிறம்."

"நல்ல பேர் எங்களுக்கு, பழி அவையளுக்கோ?"

"உன்ர கருவாடு எண்டு ஆருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்," என்றேன். பாவம் ஓரிடம் பழி ஓரிடம் என்று அம்மா யாருக்கோ சொல்லிக் கேட்டிருக்கிறேன். அந்தப் பாவம் நான்தான் என்பது இப்போதுதான் உறைத்தது. அட்டவணையைக் கழற்றிக் கைப்பைக்குள் வைத்தேன்.

கூட்டம் உடுப்புத் தோய்க்கும் அறைக்குப் பக்கத்து அறையில். போத்தல்களில் கோப்பி. நடுவில் ஒரு தட்டு நிறைய ஊதாப் பணிஸ். ரொவீனாவும் கலீனாவும் கொண்டுவந்திருந்தார்கள். சனம் அதைச் சாப்பிட்டுக்கொண்டே ஆறாவது விடயத்துக்காகக் காத்திருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு கையில் அவர்களுடைய பணிஸ், அவர்களை வெளியேற்ற மற்றக் கை. பிறகு நினைத்தேன், நீ என்ன திறம், லூர்தம்மா?

பிர்கிட் நாட்களை வாசித்தாள். தலைவர் ஹென்னிங் கண்ணாடியைக் கழற்றினார்.

"மீன் பணிஸை நிப்பாட்டிட்டம் எண்டு கார்த்திகையில எழுதித் தந்தனீங்கள். மணம் நிக்கேல்ல. நாங்கள் என்னத்தை நம்புறது?"

"திங்களில கடை பூட்டு," என்றாள் கலீனா. "நான் மட்டும்தான் வாறன். புளிச்ச மாவைக் கிண்டிப்போட்டுப் போறன். மீன் இல்லை."

யாரும் நம்பவில்லை. ரொவீனா கைகளை மடியில் வைத்து, விரல்களில் ஒட்டியிருந்த மாவைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்ததும் நான் எழும்பிவிட்டேன். மரியநாயகம் என் சட்டையின் நுனியைப் பிடித்தார். தட்டிவிட்டேன்.

"அது என்ர மீன்," என்றேன்.

அட்டவணையை எடுத்து ஹென்னிங்கின் முன்னால் வைத்தேன். "இது என்ர வேலை. இதில வட்டம் போட்டது என்ர லீவு. பிர்கிட்டின்ர நாளோட வைச்சுப் பாருங்கோ. ஒண்டும் பிசகாது. அது கருவாடு. வெயிலில காயவைச்ச மீன். பொரிச்சா மணக்கும், நல்லாத்தான் மணக்கும். இந்தப் பிள்ளையளுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை."

ஹென்னிங் ஒவ்வொரு நாளாக விரல் வைத்துப் பார்த்தார். அவர் பார்த்து முடியும்வரை நான் நின்றுகொண்டே இருந்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாலும் மறைக்கலாம், கட்டாக் கருவாட்டை மறைக்க முடியாது என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

அப்போதுதான் பிர்கிட் கேட்டாள். "நீதானே படியில வைச்சுக் கீழயிருந்து வருகுது எண்டு சொன்னனீ?"

கலீனா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு நான் ஆயத்தமாக வரவில்லை.

"ஓம்," என்றேன். "நான் சொன்னது பொய். தெரிஞ்சுதான் சொன்னனான். பயத்தில சொன்னனான்." பிறகு கலீனாவையும் ரொவீனாவையும் பார்த்துச் சொன்னேன், "பிழை என்னில. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

பிர்கிட் நாட்கள் எழுதிய தாளைக் கையில் எடுத்தாள். பிறகு அதை நாலாக மடித்தாள். "ஆறாவது விடயத்தை நான் திருப்பி எடுக்கிறன்," என்று சொல்லிவிட்டு இன்னொரு பணிஸை எடுத்தாள். ஒப்பந்தம் ஐந்து வருடத்துக்குப் புதுப்பிக்கப்பட்டது. யாரும் எதிர்க்கவில்லை.

ரொவீனா போகும்போது என் தோளைத் தொட்டாள். கலீனா வெறும் தட்டைத் தூக்கிக்கொண்டு என்னைப் பாராமல் போனாள். அது எனக்குச் சுட்டது. சுடவேண்டியதுதான்.

அடுத்த லீவுத் திங்கள் நான் தாச்சியைத் தொடவில்லை. கருவாட்டுப் பொதி குளிர்ப்பெட்டிக்குள் கிடந்தது. பத்து மணிக்கு மணி அடித்தது. கதவைத் திறந்தால் கலீனா. கையில் துணி போட்டு மூடிய தட்டு, துணிக்குக் கீழே பொங்கிய மா. பின்னால் ரொவீனா, வினாகிரிப் போத்தலோடு.

கலீனா சிரிக்கவில்லை. சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு நேரே குசினிக்கு வந்தாள். தட்டை மேசையில் வைத்தாள்.

"ஆறு மாசமா உன்ர மீனுக்கு நாங்கள் பேச்சு வாங்கினம்," என்றாள். "ஒரு துண்டு வாயில வைக்கேல்ல. பொரி."

வரவேற்பறையில் மரியநாயகத்தின் தொலைக்காட்சிச் சத்தம் பட்டென்று நின்றது. நான் பொதியைப் பிரித்தேன். எண்ணெய் காய்ந்தது. முதல் துண்டைப் போட்டதும் பழக்கத்தில் என் கை புகை இழுக்கும் விசிறியைப் போடும் ஆளிக்குப் போனது. பிறகு போடாமலே கையை எடுத்துவிட்டேன்.