அறுபதுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி

அக்கா என்னிடம் அதைச் சொன்னாளா இல்லையா என்பது இன்றுவரை எனக்கு உறுதியாகத் தெரியாது. சொன்னதாகச் சாதிக்கிறாள். வெளியே மழை பெய்துகொண்டிருந்தது, நீ பென்சில் சீவிக்கொண்டிருந்தாய், தலையைக்கூட ஆட்டினாய் என்கிறாள். மழையும் பென்சிலும் எனக்கு நினைவிருக்கின்றன. அவள் குரல் மட்டும் இல்லை.

நாங்கள் இருவரும் நகரின் நிலத்தடி நீர் அலுவலகத்தில் ஒரே அறையில் வேலை பார்த்தோம். மாதம் ஒருமுறை அக்கா ஒன்பது ஆழ்துளைக் கிணறுகளின் நீர்மட்டத்தை அளந்து வருவாள். இரும்பு நாடாவின் நுனியில் சாக்கட்டியைத் தேய்த்து உள்ளே இறக்குவாள். மேலே இழுத்ததும், எதுவரை நனைந்திருக்கிறதோ அதை வைத்து ஆழம் தெரிந்துவிடும். அவள் குறிப்பேட்டு எண்களை நான் வரைபடமாக்குவேன். அதைப் பார்த்துத்தான், யார் எவ்வளவு தண்ணீர் எடுக்கலாம் என்று பொறியாளர் முடிவு செய்வார். எதை நீட்டினாலும் கேள்வி கேட்காமல் ஒப்பமிட்டுவிடுவார் என்பதால் அவருக்கு நாங்கள் வைத்த பெயர் 'கையெழுத்து'.

துணி ஆலை ஒன்று பன்னிரண்டு புதிய கிணறுகளுக்கு அனுமதி கேட்டிருந்தது. ஆலைக்குப் பக்கத்தில் இருந்தது எங்கள் ஏழாம் எண் கிணறு. ஒரு காலத்தில் இறங்கிக்கொண்டே வந்த அதன் கோடு, அறுபது மீட்டரில் நின்று ஆறு ஆண்டுகளாக அசையாமல் கிடந்தது. நல்ல காலம் பிறந்துவிட்டது என்று நான் நிம்மதிகூடப் பட்டிருக்கிறேன். 'நீர்மட்டம் நிலையாக உள்ளது' என்று கோப்பில் எழுதியதும் நான்தான். நகரத்தில் பாதி வீடுகளின் குழாய்க்கு அந்தத் தண்ணீர்தான். வெள்ளிக்கிழமை அனுமதி கொடுப்பதாக இருந்தது.

புதன்கிழமை அக்காவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. நாடாவைச் சுற்றித் தரவும் குறிப்பேட்டில் எழுதவும் நானும் போனேன். ஏழாம் கிணற்றில் நாடா கடைசிவரை இறங்கியது. மேலே வந்தபோது சாக்கட்டி வெள்ளை வெளேரென்று இருந்தது.

"அறுபது. பக்கத்துல ஒரு புள்ளி வைடா" என்றாள்.

"ஈரமே இல்லையே. அறுபது எங்கேருந்து வந்துச்சு?"

"நாடா அறுபதோட முடிஞ்சுபோச்சு. அதுக்குக் கீழ நான் என்ன, குதிச்சா பாக்கறது? அதான் புள்ளி."

"என்ன புள்ளி?"

"நாடாவுக்கு எட்டலைன்னு அர்த்தம். மொதல் தடவை காஞ்சு வந்தப்பவே சொன்னேனேடா!"

எழுபத்திரண்டு மாதங்கள், எழுபத்திரண்டு புள்ளிகள். அவள் பேனா ஒழுகுகிறது என்று நினைத்து, படம் சுத்தமாக இருக்கட்டுமே என்று ஒவ்வொன்றையும் விட்டுவிட்டிருந்தேன். எங்கள் காலுக்குக் கீழே தண்ணீர் போய்க்கொண்டே இருந்திருக்கிறது; என் காகிதத்தில் மட்டும் அது நின்றுவிட்டது. கிணற்று மூடியின் இரு பக்கமும் உட்கார்ந்தோம்.

"எனக்கு வேலை போயிடும்க்கா."

"போனா போகட்டும். மூஞ்சியைத் தூக்கி வச்சுக்காதே. அந்த மனுஷன் இன்னும் பேனாவைத் தொறக்கலையே. போய்க் கயிறு வாங்கிட்டு வா."

நைலான் கயிற்றில் மீட்டருக்கு ஒரு முடிச்சுப் போட்டோம். நாடாவின் மேல் முனையில் அதைக் கட்டி இறக்கினோம். பத்து முடிச்சுவரை விட்டு இழுத்துப் பார்த்தோம், நனையவில்லை. பதினைந்தாவது முடிச்சுவரை விட்டு இழுத்தபோது, நுனியில் சரியாக ஒரு மீட்டர் கறுத்திருந்தது. எழுபத்துநான்கு. அக்கா அந்த ஈரத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

மறுநாள் காலை பொறியாளர் அறையில் பழைய படத்தையும், புள்ளிகளோடு புதிதாக வரைந்த படத்தையும் விரித்தேன்.

"அப்போ இந்தக் கோடு?" என்றார்.

"தப்பு சார். புள்ளியையெல்லாம் விட்டது நான்தான்."

"பாதி என் தலையில போடுங்க சார்" என்றாள் அக்கா. "நீள நாடா வேணும்னு ஒரு தாள்ல எழுதிக் கேட்டிருக்கலாம். கேக்கலை."

அவர் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"செவுத்துக் கடிகாரம் ஒரு நாள் பூரா ஒரே மணி காட்டினா சந்தேகம் வருது. ஆறு வருஷமா இது அசையலை. எனக்கும்தான் கேக்கத் தோணலை" என்றார்.

பேனாவைத் திறந்தார். ஆலையின் விண்ணப்பத்தில் 'மறுக்கப்படுகிறது' என்று எழுதி, கீழே கையெழுத்திட்டார். அந்தச் சொல்லை அவர் எழுதி அதுவரை நான் பார்த்ததில்லை.

"அடேங்கப்பா, எழுத வருதே" என்று வெளியே வந்ததும் அக்கா என் காதில் சொன்னாள்.

இப்போது ஆலை, பயன்படுத்திய நீரையே சுத்திகரித்து மறுபடி பயன்படுத்துகிறது. புதுக் கிணறு தோண்டவில்லை. நகரமும் வாரத்தில் இரண்டு நாள் பம்புகளை நிறுத்தி வைக்கிறது. பொறியாளர் ஓய்வு பெற்றுவிட்டார். எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது, வேலை போகவில்லை. அக்கா நூற்றைம்பது மீட்டர் நாடாவோடு இன்னும் அளக்கிறாள். ஏழாம் கிணற்றில் சென்ற மாதம் தண்ணீர் எழுபத்தொரு மீட்டருக்கு ஏறியிருந்தது.