பெண்கள் பக்கத்துக் குழாய்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை எனக்குக் கிடைத்தது அடுத்தவர் தபாலைப் படித்ததில்.

303-க்குப் போட வேண்டியதைத் தபால்காரர் 203-இல் போட்டுவிட்டுப் போனார். 203 நான். உறைக்குள் இருந்திருந்தால் மரியாதையாக மாடியேறிக் கொடுத்திருப்பேன். வந்ததோ அஞ்சலட்டை. கையில் இருக்கும் அஞ்சலட்டையைப் படிக்காமல் ஒரு மாடி ஏறுகிற மனிதர் எங்கள் குடியிருப்பில் யாரும் இல்லை. இருந்தால் அவரைப் பற்றித் தனியாக ஒரு கதை எழுதலாம்.

சாம்பல் கரை போட்ட துக்க அட்டை. நவம்பர் வந்தால் எல்லார் வீட்டுக்கும் இரண்டு மூன்று வரும். எங்கள் வீட்டில் சாவு, ஆகவே இந்தப் புத்தாண்டுக்கு வாழ்த்து அனுப்ப இயலாது, பொறுத்துக்கொள்ளவும். அச்சகத்தில் நூறு நூறாக அடித்துத் தருவார்கள். இந்த அட்டையில் 'தந்தை, தொண்ணூற்று மூன்று வயதில், ஆகஸ்ட் மாதம்' என்றிருந்தது. அனுப்பியவர் பெயர் கிவாகோ. வந்தது மேல்வீட்டுத் தொமியேவுக்கு. கிவாகோ அவளுடைய கூடப்பிறந்த அக்கா.

அதாவது, அப்பா செத்துப்போனதை ஒருத்தி மூன்று மாதம் கழித்து, பல் வைத்தியருக்கும் அரிசிக் கடைக்காரருக்கும் போன அதே அட்டையில் தெரிந்துகொள்ள வேண்டும்.

(அட்டையை 303-இன் பெட்டியில் போட்டுவிட்டேன். உடனே இல்லை, அரை மணி நேரம் கழித்து.)

2

எப்படித் தொடங்குவது என்று நாலு நாள் உட்கார்ந்தேன்.

'மலைகளுக்கு நடுவே, ஆவி எழும் ஆற்றங்கரையில், பல நூறு ஆண்டுகளாக—'

இது சுற்றுலாத் துண்டறிக்கை. வேண்டாம்.

'மன்னிப்பு என்பது—'

இது அதைவிட மோசம். மன்னிப்பைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? எதிர்வீட்டுக்காரர் என் சைக்கிளைக் கேட்காமல் நகர்த்தி வைத்ததை ஆறு வருடமாக மனதில் வைத்திருக்கிறேன்.

'காலை எட்டு ஐந்துக்குக் கிளம்பும் இரண்டு பெட்டி ரயிலில் தொமியே ஆற்றுப் பக்கமாக உட்கார்ந்தாள்.'

இது இருக்கட்டும். ரயில் கிளம்பிவிட்டால் கதையும் கிளம்பித்தான் ஆக வேண்டும்.

ஊர்ப் பெயரை மட்டும் எழுத மாட்டேன். வெந்நீர் ஊற்று ஊர். அந்த ரயில் பாதையின் கடைசி நிலையம். அதற்கு மேல் சொன்னால் கிவாகோ அம்மாள் கண்ணில் பட்டுவிடும். நான் பார்த்திராத ஒருவருக்கு நான் இவ்வளவு பயப்படுவது இதுதான் முதல் தடவை.

3

ஆக, காலை எட்டு ஐந்துக்குக் கிளம்பும் இரண்டு பெட்டி ரயிலில் தொமியே ஆற்றுப் பக்கமாக உட்கார்ந்தாள். பக்கத்தில் அவள் கணவன் மசுவோ, மடியில் ஒரு வலைப்பை ஆரஞ்சோடு. இருக்கைக்கு அடியில் இருந்த சூடேற்றி வழக்கம்போல் முதுகை விட்டுவிட்டுக் கெண்டைக்காலை மட்டும் வறுத்தது.

"என்னங்க, விரலை சும்மா வைங்க."

"சும்மாதானே இருக்கு."

"இல்ல. டிக்கெட் நறுக்குது."

உண்மைதான். மசுவோ அந்தக் காலத்தில் இதே பாதையின் கடைசி நிலையத்தில், வாயிற்கூண்டுக்குள் நின்று டிக்கெட் நறுக்கியவர். ஆள் வராத நேரத்திலும் இடுக்கியைச் சும்மா விடமாட்டார். டிக்-டிக், டிக்டிக்-டிக் என்று தாளம் போட்டுக்கொண்டே இருப்பார். கடைத்தெரு வரை கேட்குமாம். அந்தச் சத்தத்துக்காகவே தேவையில்லாமல் அடுத்த நிலையத்துக்கு டிக்கெட் வாங்கிய பெண் தொமியே. போய்விட்டு அதே ரயிலில் திரும்பி வருவாள். வீட்டில் என்ன சொல்லிச் சமாளித்தாள் என்று மசுவோவுக்கே தெரியாது.

முப்பத்து நான்கு வருடத்துக்கு முன்னால் ஒரு காலை, முதல் வண்டிக்கு, தொமியேவின் டிக்கெட்டை நறுக்கிவிட்டுக் கூண்டிலிருந்து இறங்கி மசுவோவும் வண்டியில் ஏறிவிட்டார். அன்றைக்குத்தான் கிவாகோவுக்கு நிச்சயச் சீர் வருவதாக இருந்தது. தங்கை ஓடிப்போன செய்தி சீருக்கு முன்னால் போய்ச் சேர்ந்தது. சீர் வரவில்லை. அன்றைக்கு மட்டுமல்ல, அதற்குப் பிறகும் எந்த வீட்டிலிருந்தும் வரவில்லை. கிவாகோ அப்பாவைப் பார்த்துக்கொண்டு அந்த வீட்டிலேயே இருந்துவிட்டாள்.

(எழுதும்போது இரண்டு பத்தி ஆகிறது. வாழும்போது எவ்வளவு நேரம் ஆகும் என்று தெரியவில்லை.)

"நேரா வீட்டுக்கே போயிடலாமே," என்றார் மசுவோ, ஆரஞ்சுத் தோலை உரித்தபடி. "வாசல்ல நின்னு கூப்பிடுவோம். என்ன, அடிச்சா அடிக்கட்டும்."

"அடிச்சாப் பரவால்ல. கதவைச் சாத்திட்டா? அக்கா தெனம் பத்து மணிக்குக் குளிக்கிற ஊர்க் குளியல்கூடத்துல சாத்துறதுக்குக் கதவே இல்ல. காசு குடுத்தா யாரும் உள்ள வரலாம்."

"எந்திரிச்சுப் போயிட்டா?"

"அக்கா பத்து மணித் தண்ணிய யாருக்காகவும் விட்டுட்டுப் போக மாட்டா. அப்பா செத்த அன்னிக்கே போயிருப்பா."

சொல்லிவிட்டு அவளே திடுக்கிட்டாள். கைப்பையைத் திறந்து மறுபடி மூடினாள். உள்ளே ஒரு பெட்டி ஊதுபத்தி; நல்ல கடையில் வாங்கியது.

"ஒண்ணே ஒண்ணு, அப்பா படத்துக்கு முன்னால கொளுத்தி வெச்சிட்டு வந்திடறேன். அதுக்கு மேல அவகிட்ட எதுவும் கேக்க மாட்டேன்."

மசுவோ பாதி ஆரஞ்சை நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டாள்; சாப்பிடவில்லை.

4

நிலையத்தில் இப்போது கூண்டு இல்லை. டிக்கெட்டைப் போடுவதற்கு ஒரு மரப்பெட்டி. மசுவோ தன் டிக்கெட்டைப் போடாமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். இது குற்றம். நான் யாரிடமும் சொல்ல மாட்டேன்.

பாலம், மூடிக் கிடக்கும் பொம்மைத் துப்பாக்கிக் கடை, அவித்த முட்டை விற்கும் அம்மாள். தொமியே எதன் பக்கமும் திரும்பவில்லை. கால் தானாக வழி கண்டுபிடித்துக்கொண்டு போனது. ஊர்க் குளியல்கூடத்துக்கு முன்னால் நின்று, "பதினொண்ணுக்கு வெளிய வந்திடுங்க," என்றாள். பிறகு பெண்கள் பக்கத்துச் சிவப்புத் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

இங்கே ஒரு சங்கடம்.

இதுவரை தொமியேவின் தோளோடு ஒட்டியே வந்தேன். திரைக்கு அந்தப் பக்கம் என்னால் போக முடியாது. கதைசொல்லி எங்கும் போகலாம் என்கிறார்கள். எனக்கு அறுபத்தெட்டு வயது, குடியிருப்போர் சங்கத்தில் பொருளாளர் வேறு. ஆகவே மசுவோவோடு ஆண்கள் பக்கத்து நீலத் திரைக்குள் நுழைகிறேன். (உண்மையில் நான் போகவே இல்லை. மறுநாள் மதியம் என் வீட்டில் மூன்று கோப்பை அரிசி மதுவுக்கு அவர் சொன்னதுதான் இது. கதை கொஞ்சம் தள்ளாடினால் அதுதான் காரணம்.)

நல்ல வேளையாக அந்தக் கட்டடத்தில் ஆண்கள் பக்கத்துக்கும் பெண்கள் பக்கத்துக்கும் நடுவில் நிற்கும் சுவர் கூரையைத் தொடுவதில்லை. மேலே ஆவி கலக்கிறது. பேச்சும் கலக்கிறது.

ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் புரியாது. அந்த ஊர்த் தண்ணீர் தோலை உரிக்கும் சூடு. எல்லாரும் சேர்ந்து இறங்கும் தொட்டியின் மூலையில், சூட்டைத் தணிக்கப் பச்சைத் தண்ணீர்க் குழாய் ஒன்று உண்டு. ஊர்க்காரர்கள் யாரும் அதைத் தொடமாட்டார்கள். தொட்டால் அடுத்த தெரு வரை பெயர் கெடும். வெளியூரிலிருந்து வருகிறவர்கள்கூட உள்ளே இருப்பவர்களிடம் கேட்டுவிட்டுத்தான் திறக்க வேண்டும்.

5

மசுவோ கழுத்து வரை இறங்கிப் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தப் பக்கம் மரவாளிகள் தட்டுப்படும் சத்தம். யாரோ கிழவி இருமினாள். பிறகு தண்ணீர் மொண்டு ஊற்றும் சத்தம், ஒன்று, இரண்டு, மூன்று. கால் வைத்துவிட்டு உடனே எடுத்ததுபோல் ஒரு சளக்.

அதற்குப் பிறகு, குழாய்.

"யாருடி அது கொழாயத் தொறந்தது?" இருமிய கிழவி.

"நான்தான்."

மசுவோவுக்கு அந்தக் குரல் தெரியும். முப்பத்து நான்கு வருடத்துக்கு முன்னால் கூண்டுக்கு முன் வந்து, 'அந்த இடுக்கிய நிறுத்துறியா இல்லியா' என்று கேட்ட குரல்.

"நீயா? ஒனக்கு என்ன வந்துச்சு, காச்சலா?"

"எனக்கு இல்ல. வெளியூர்க்காரங்க ஒருத்தங்க வந்திருக்காங்க. பாவம், இந்தச் சூடு தாங்க மாட்டாங்க. கொஞ்சம் பொறுத்துக்கங்க."

ஆண்கள் பக்கத்தில் மசுவோவுக்கு எதிரே இருந்த ஒருவர் கண்ணைத் திறந்தார். "கிவாகோவா தொறந்துச்சு? அது கொழாயத் தொறந்து நான் பாத்ததில்ல, கேட்டதும் இல்ல."

தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பத்து எண்ணுகிற நேரம் இருக்கும் என்கிறார் மசுவோ. அப்புறம் கிரீச் என்று ஒரு சத்தம். குழாயை யாரோ மூடினார்கள்.

அவ்வளவுதான்.

6

என் தூக்கம் கெட்டது இந்த இடத்தில்தான்.

ஒன்று: கிவாகோவுக்கு ஆள் அடையாளமே தெரியவில்லை. முப்பத்து நான்கு வருடம், ஆவி, நரைத்த தலை. யாரோ நகரத்து அம்மாள் என்று நினைத்தாள். கதை என் கற்பனையாக இருந்தால் இதை ஏற்க மாட்டேன். தங்கை தண்ணீரில் கால் வைக்கிற விதம் போதும், அக்காவுக்கு.

இரண்டு: நன்றாகவே தெரிந்தது. தெரிந்துதான் 'வெளியூர்க்காரங்க' என்றாள். அச்சடித்த அட்டை அனுப்பியவள் அல்லவா? அதே அச்சடித்த மரியாதையை இங்கே வாயால் செய்தாள்.

மூன்று: தெரிந்தது. தங்கையின் கால் சிவந்ததும் தெரிந்தது. கை தானாகக் குழாய்க்குப் போய்விட்டது. போனபிறகு, ஊரார் முன்னால் அதற்கு ஒரு காரணம் சொல்ல வேண்டியிருந்தது.

கிவாகோவை நான் சரியாகத்தான் எழுதுகிறேனா என்று சந்தேகமாக இருக்கிறது. ஓர் அட்டையையும் நாலைந்து வாக்கியத்தையும் வைத்துக்கொண்டு கல்நெஞ்சுக்காரி ஆக்கிவிட்டேனோ? அப்பாவைக் கடைசிவரை தனியாகத் தூக்கி உட்கார வைத்த கை அது. அட்டைக்கு முகவரி எழுதும்போது தங்கை பெயரில் எவ்வளவு நேரம் நின்றதோ. அச்சில் அதெல்லாம் தெரிவதில்லை.

குழாயை மூடியவள் தொமியே என்றுதான் நினைக்கிறேன். 'நான் வெளியூர் இல்லை' என்று வாயால் சொல்ல அவளுக்கு உரிமை இல்லை. தோலால் சொன்னாள்.

பிறகு இருவரும் பக்கத்தில் பக்கத்தில், கழுத்து வரை, சின்ன வயதில்போல நூறு வரை எண்ணி—

இல்லை. இதை அடித்துவிட்டேன். இனிப்பு அதிகம்.

7

நிச்சயமாகத் தெரிந்தவை இவை. பதினொன்றுக்கு வெளியே வர வேண்டியவள் பதினொன்றரைக்கு வந்தாள். ஈரத்தலையோடு காற்றில் நின்ற மசுவோவுக்கு மூக்கு ஒழுகத் தொடங்கியிருந்தது. தொமியே தாடை வரை சிவந்திருந்தாள். தாடையில் கோடு கிழித்ததுபோல் சிவப்பு முடிந்தது. அவளுக்கு முன்னால் வெளியே வந்தவள் கிவாகோ.

கிவாகோ மசுவோவைப் பார்த்தாள். இடுப்பு வரை குனிந்து வணங்கினாள், வெளியூர் விருந்தாளிகளை வணங்குவதுபோல.

"அவ்வளவு மரியாதையா என்னைய யாரும் செருப்பால அடிச்சதில்லய்யா," என்றார் மசுவோ என்னிடம்.

கிவாகோ மேட்டுத் தெருவில் ஏறத் தொடங்கினாள். தொமியே கணவனிடம், "நீங்க ஸ்டேஷன்ல இருங்க," என்று மட்டும் சொல்லிவிட்டுப் பின்னாலேயே போனாள்.

மூன்று வண்டிகள் போயின. நாலாவது வண்டிக்கு வந்து சேர்ந்தாள்.

"என்ன ஆச்சுன்னு கேட்டீரா?" என்றேன் மசுவோவிடம்.

"கேக்கல."

"ரெண்டு மணி நேரம் வண்டில பக்கத்துல உக்காந்து வந்திருக்கீரு. ஒரு வார்த்த கேக்கல?"

"அவ ஆத்தையே பாத்துக்கிட்டு வந்தா. நடுவுல எப்படிய்யா கேக்குறது? ஒமக்குத்தான் அதெல்லாம் வரும்."

எனக்கு வரும்தான். அடுத்த நாள் குப்பை வைக்கும் இடத்தில் அவளை மடக்கினேன். "ஊர்ப் பயணம் எப்படிம்மா?"

"தண்ணி ரொம்ப சூடு, ஐயா."

ஊதுபத்தி வாசனை அடிக்கிறதா என்று ஒரு அடி கிட்டப் போய்ப் பார்த்தேன். (ஆம், அந்த அளவுக்கு இறங்கினேன்.) கந்தகம்தான் அடித்தது. அந்த ஊர்த் தண்ணீர் மூன்று நாளைக்கு வேறு எந்த வாசனையையும் உள்ளே விடாது.

8

மூன்றாவது கோப்பை முடிந்து செருப்பை மாட்டும்போதுதான் மசுவோ இதைச் சொன்னார்.

ஸ்டேஷனுக்குப் போகாமல் அவர் கொஞ்ச நேரம் கீழேயே நின்று பார்த்திருக்கிறார். கிவாகோ முன்னால், தொமியே பத்து அடி பின்னால். குளிரில் இரண்டு தலையிலிருந்தும் ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. பாதி மேட்டில், தெரு திரும்புகிற இடத்தில், கிவாகோ நின்றாள். கைவாளியைக் கீழே வைத்தாள். குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தாள். தொமியேவும் நின்றுவிட்டாள், அந்தப் பத்து அடியை விடாமல்.

"வாருக்கு ஒண்ணும் ஆகலய்யா," என்றார் மசுவோ. "அவ்வளவு தூரத்துலேருந்தே தெரிஞ்சுது."

அப்போது அவருக்குத் தும்மல் வந்துவிட்டது. நிமிர்ந்து பார்த்தபோது தெருவில் யாரும் இல்லை.

திருப்பத்தைத் தாண்டி மூன்றாவது வீடு அவர்களுடையது. ஒரு வாக்கியம் எழுதினால் போய்விடலாம். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தேன். மூன்று மாதமாக ஆறிக்கிடக்கிற ஒரு சாவுக்கு அழ வந்தவளை வாசலில் நிற்க வைக்கவும் எனக்கு மனம் வரவில்லை. என் விருப்பத்துக்கு உள்ளே தள்ளிவிடவும் உரிமை இல்லை. அவர்கள் இரண்டு பேரையும் அந்த மேட்டில் அப்படியே விட்டிருக்கிறேன். ஒருத்தி குனிந்திருக்கிறாள், இன்னொருத்தி காத்திருக்கிறாள்.

உங்களுக்கு அக்கா இருந்தால், அல்லது நீங்களே ஒரு அக்காவாக இருந்தால், போய் அவர்களை நடக்க வையுங்கள். சீக்கிரம் போங்கள், இரண்டு பேருக்கும் தலை ஈரம்.