உப்பேரிச் சிறவிகள்

குற்றாலத்தில் கடை வைத்திருப்பவர்களுக்குத் தை மாதம் கெட்ட மாதம். ஐயப்பசாமிமார் கூட்டம் வடிந்துவிடும், அருவியும் மெலிந்துவிடும். அப்போதும் மேலகரம் லிங்கேஸ்வரனின் சாப்பாட்டுக் கடையில் ஆள் நிறைந்திருந்ததென்றால் அதற்குக் காரணம் சிறவிக் கறி. பனிக்காலத்தில் கடலோரத்தில் உப்பேரி என்னும் உப்புத் தண்ணீர் ஏரிக்கு வந்திறங்கும் சின்ன வாத்துகள் அவை. வலைக்காரர்களிடம் வாங்கி வருவதாகத்தான் மனைவி இசக்கிசெல்வியிடம் அவன் சொல்லியிருந்தான். அவளும் நம்பி, வறுத்துப் பரிமாறினாள்.

வழக்கமாகக் கூடப் போகும் கடைக் கையாள் மணிமுத்து காய்ச்சலில் படுத்ததால், ஒருநாள் ஒத்தாசைக்கு அவளை லோடு ஆட்டோவில் உப்பேரிக்குக் கூட்டிப்போனான். போய்ச் சேரும்போது விடிந்திருந்தது. ஏரி பூராவும் பறவைகள். தூரத்தில் பூநாரைகள் தலையைக் கவிழ்த்து உப்புத் தண்ணீரை அலசிக்கொண்டிருந்தன. இத்தனை உயிர்களை ஒரே இடத்தில் அவள் கண்டதில்லை.

லிங்கேஸ்வரன் வாளியில் நெல்லைக் கொட்டி, ஊதா நிறக் குருணையைப் போட்டு வெறுங்கையால் பிசைந்தான்.

"என்னங்க இது, வயலுக்குப் போடுத மருந்துல்லா?"

"சத்தம் போடாதட்டி."

"இதத் தின்னு செத்ததையா சனங்களுக்குப் போட்டோம்?"

"கொடல எடுத்துட்டா ஒண்ணும் செய்யாது. இம்புட்டு நாள்ல எவன் செத்தான்?"

நெல்லைத் தண்ணீரோரம் வீசிவிட்டு வந்தான். சிறவிகள் இறங்கி மேய்ந்தன. கொஞ்ச நேரத்தில் ஒன்றுக்குக் கழுத்து துவண்டது. பிறகு மற்றவையும் சிறகடித்துச் சேற்றில் சுழன்றன. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவன் கைகூடக் கழுவாமல் புகையிலையைக் கசக்கி வாயில் அதக்கினான்.

பறவைகளைப் பொறுக்கப் போனவன் பாதியிலேயே முழங்காலிட்டான். வாயில் எச்சில் நுரைத்து வழிந்தது, உடம்பு வெட்டி இழுத்தது. அவள் அலறிக்கொண்டு ஓடி, உப்பள லாரி ஒன்றை மறித்தாள். போகும் வழியில் அவள் முந்தானையைப் பிடித்திழுத்து, "சொல்லிராத... ஃபாரஸ்ட்டுக்காரன் வந்திருவான்" என்று குழறினான்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கேட்டாள்: "என்ன மருந்து? தெரிஞ்சாத்தான் காப்பாத்த முடியும்."

அவன் கண்கள் மனைவி மேலேயே இருந்தன. இசக்கிசெல்வி எல்லாவற்றையும் சொன்னாள்.

பிழைத்துக்கொண்டான். கட்டிலோரமே வனத்துறை ஆட்கள் காத்திருந்து கைது செய்தார்கள். கடைக்கும் பூட்டு விழுந்தது. மாமியார் முப்பிடாதியம்மாள் தெருவில் நின்று, "கட்டுனவனக் காட்டிக் குடுத்தவ" என்று மண்ணை வாரித் தூற்றினாள்.

ஜாமீனில் வந்தவன் அவள் வைத்த சோற்றைத் தொடவில்லை.

"நான் செத்துருந்தா உனக்கென்னட்டி?"

"சொல்லலன்னா செத்துருப்பீய."

அவன் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

இப்போது அவள் செங்கோட்டையில் ஒரு மரக்கடையைக் கூட்டிப் பெருக்குகிறாள். கடைசியாகத் தான் பரிமாறிய சிறவிக் கறியைத் தின்றுவிட்டு மதுரைப் பக்கம் போன ஒரு குடும்பத்தை அடிக்கடி நினைத்துக்கொள்கிறாள். அவர்களுக்கு என்ன ஆயிற்று என்று யாரிடம் போய்க் கேட்பாள்?