ஜீப்பை மாட்டும் சத்தம்

எனக்குப் பொறாமைதான். சுற்றி வளைத்துப் பேசுகிற பழக்கம் எனக்கில்லை. லவோன் மீது எனக்கு அடிவயிற்றிலிருந்து பொறாமை, அதுவும் அவள் அழகி என்பதால் அல்ல. முழங்காலில் பட்டை கட்டிக்கொண்டு, செத்துப்போன புருஷனின் கம்பளிச் சட்டையை மாட்டிக்கொண்டு திரிகிறவளைப் பார்த்து யாருக்கு அழகின் நினைப்பு வரும்? என் புருஷன் வெண்டல் அவளிடம் பேசுகிற தொனி இருக்கிறதே, அதுதான் என்னைத் தின்றது.

பனி விழ ஆரம்பித்ததும் வடக்கு டகோட்டாவில் வீட்டைப் பூட்டிவிட்டு, நாங்கள் வீட்டு வண்டியோடு அரிசோனா பாலைவனத்துக்கு வந்துவிடுவோம். படுக்கை, அடுப்பு, குளியலறை எல்லாம் உள்ளேயே இருக்கிற, பஸ் நீளத்து வண்டி. அதை எடுத்துக்கொண்டு முட்டை வாங்கக் கடைக்குப் போக முடியாது. அதனால் பின்னால் ஒரு ஜீப்பையும் கட்டி இழுத்து வருவோம். ஜீப்பின் நான்கு சக்கரமும் தரையிலேயே உருளும். கட்டுவதற்கு முறை இருக்கிறது. இழுவைக் கம்பியின் இரண்டு கைகளையும் ஜீப்பின் மூக்கில் பொருத்தி, கழன்றுவிடாமல் ஒரு இரும்புப் பின்னைச் செருக வேண்டும். அப்புறம் சங்கிலி, விளக்கு ஒயர். ஜீப்புக்குள்ளே கியருக்குப் பக்கத்தில் நாலு சக்கர ஓட்டத்துக்கென்று ஒரு சின்ன லீவர் இருக்கும், அதை நியூட்ரலுக்குத் தள்ள வேண்டும். மறந்துவிட்டுக் கிளம்பினால் முதல் மலை ஏறுவதற்குள் கியர் பெட்டி வெந்துபோகும். தள்ளிவிட்டாலோ வேறு வம்பு. அதன் பிறகு பெரிய லீவரைப் 'பார்க்'கில் வைத்தாலும் ஜீப் நிற்காது, கைபிரேக் ஒன்றுதான் அதைப் பிடித்து வைக்கும்.

இந்த வேலையைப் புருஷனும் பெண்டாட்டியும் சண்டையில்லாமல் செய்ததாகச் சரித்திரமே இல்லை. எங்களைப் போல வண்டியோடு வந்து தங்குகிறவர்களின் முகாமில் யாராவது ஜீப்பை மாட்டப் போகிறார்கள் என்று தெரிந்தால் போதும், மற்றவர்கள் காபிக் கோப்பையோடு மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். எங்கள் சண்டைக்கு எப்போதுமே நல்ல கூட்டம்.

"கைபிரேக். ஏய், கைபிரேக் போட்டியா?"

"போட்டேன்."

"காதுல விழற மாதிரி சொல்லு."

"போட்டாச்சு போட்டாச்சு. ஊருக்கே கேட்டுது, உனக்கு மட்டும் கேக்கல."

"சின்ன லீவரு?"

"நியூட்ரல்."

"பார்த்துட்டுச் சொல்லு. போன தடவ மாதிரி கண்ண மூடிட்டுச் சொல்லாத."

கல்யாணமானதிலிருந்து எனக்குக் கிடைத்த வாத்தியார் இப்படிப்பட்டவர்தான்.

லவோனின் புருஷன் ஆரின் போன கோடையில் இறந்துபோனார். எங்களுக்கும் நல்ல நண்பர். இந்த வருஷம் லவோனின் மகன் வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து, எங்களுக்குப் பக்கத்து இடத்தில் அவளை விட்டுவிட்டு, விமானம் ஏறிப் போய்விட்டான். வெயில் ஏறியதும் அவள்தான் ஊருக்கு ஓட்டிக்கொண்டு போயாக வேண்டும். ஜீப்பை மாட்டுவது, கழற்றுவது எல்லாவற்றையும் ஆரின்தான் கவனித்துக்கொள்வார், தனக்கு ஒன்றும் தெரியாது என்று அவள் சொன்னாள். "நான் சொல்லித் தரேன்" என்றான் வெண்டல். பாவம்தானே என்று நானும் தலையாட்டினேன்.

மறுநாள் காலையில் பாத்திரம் கழுவிக்கொண்டே ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

"அவசரமே இல்ல லவோன். மெதுவா வாங்க. அப்படித்தான். பின்னு போகலியா? பரவால்ல, ஸ்டீரிங்க லேசா ஆட்டுங்க. பாத்தீங்களா, போயிடுச்சு."

தேன் ஒழுகியது. அவள் ஒயரைத் தலைகீழாகச் சொருகினாள். "எனக்கும் ஆரம்பத்துல இதேதான் ஆச்சு" என்று சிரிக்கிறான். பச்சைப் பொய். அதே ஒயரை ஒரு தடவை நான் தலைகீழாகச் சொருகியபோது இரண்டு நாள் அதையே சொல்லிக் காட்டினான். நான் ஒரே தட்டைத் திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தேன்.

அன்று மதியம் கேட்டேவிட்டேன். "அவகிட்ட என்ன அப்படிக் குழையற?"

"குழையறேனா? சொல்லிக் குடுக்கறேன்."

"எனக்குச் சொல்லிக் குடுத்தப்போ மூணு வண்டி தள்ளி நாய் குலைச்சுது."

"நீ ஒரு பைத்தியம்" என்று சொல்லிவிட்டுத் தொப்பியைப் போட்டுக்கொண்டு மறுபடி அங்கேதான் போனான்.

தினமும் பாடம் நடந்தது. தினமும் நான் ஜன்னலில் நின்றேன். நன்றிக்காக லவோன் எலுமிச்சை கேக் செய்து கொண்டுவந்தாள். கேக் நன்றாகவே இருந்தது, அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

ஊருக்குக் கிளம்புவதற்கு முதல் நாள் வெண்டல் மெல்ல ஆரம்பித்தான். "நாளைக்கு ஒரு நாள் நான் லவோன் பக்கத்துல உக்காந்து போறேன். நீ நம்ம வண்டிய எடுத்துட்டு முன்னாடி போ. மலை இறங்கற இடத்துல அவ பயப்படறா."

வண்டியில் வாழ்கிறவர்களுக்கு அந்தப் பக்கத்து இருக்கை என்றால் என்னவென்று தெரியும். வழி சொல்வதும், தூங்கி விழுகிற ஓட்டுநரை இடிப்பதும், சாண்ட்விச்சைப் பிரித்துக் கையில் கொடுப்பதும், பாட்டை மாற்றுவதும் அங்கே உட்கார்ந்திருப்பவரின் வேலை. எங்கள் கல்யாண வாழ்க்கையில் பாதி அந்த இருக்கையில்தான் நடந்திருக்கிறது. வெண்டல் போய் அவள் பக்கத்தில் உட்காரப் போகிறான். ஒரு நாள் என்கிறான். அங்கேதான் சண்டையே கிடையாதே, மறுநாள் எதற்காக இறங்கி வருவான்? அன்றிரவு என் மண்டைக்குள் ஓடியது இது ஒன்றுதான்.

காலையில் எங்கள் ஜீப்பை மாட்டினோம். கவனமெல்லாம் பக்கத்து வண்டியில் இருந்ததால் வெண்டல் ஏனோதானோவென்று சத்தம் போட்டான். முடித்ததும் உள்ளே போய் ஸ்வெட்டரை எடுத்தான், மாத்திரை டப்பாவை எடுத்தான், கடைசியில் என் பிளாஸ்க்கையும் எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு லவோனிடம் போனான். காபி நான் போட்டது. எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. ஓட்டுநர் இருக்கையில் ஏறினேன், கிளம்பிவிட்டேன். கண்ணாடியில் பார்த்தால் அவன் பிளாஸ்க்கோடு நடு வழியில் நிற்கிறான். நிற்கட்டும்.

கோபத்தில் ஓட்டினால் என்ன நடக்கும்? நெடுஞ்சாலைக்குத் திரும்ப வேண்டிய இடத்தை விட்டுவிட்டேன். அடுத்த வழியில் வளைத்துக்கொள்ளலாம் என்று ஒரு சரளைப் பாதையில் இறங்கினேன். அது மேடேறிற்று, குறுகிற்று, இரண்டு பக்கமும் பள்ளம் வந்தது. கடைசியில் ஒரு பழைய குவாரியின் பூட்டிய கம்பிக் கதவில் போய் முட்டி நின்றது.

ஜீப்பைக் கட்டிக்கொண்டு பின்னால் போக முடியாது. போனால் அதன் முன்சக்கரங்கள் இஷ்டத்துக்குத் திரும்பிக்கொண்டு இழுவைக் கம்பியை முறுக்கிவிடும். கழற்றினால்தான் வழி. மேட்டில் நிற்பதால் ஜீப்பின் கனம் முழுவதும் அந்த இரும்புப் பின்னில் தொங்கியது. இழுத்தேன், சுத்தியலால் தட்டினேன், அது மசியவில்லை. வேறு வழியில்லாமல் வெண்டலுக்குப் போன் செய்தேன்.

"பூட்டின கேட்டுக்கு முன்னாடி மாட்டிட்டு நிக்கறேன். குவாரிப் பாதை."

வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராக இருந்தேன். "சரி, வரோம்" என்று மட்டும் சொன்னான்.

வரோமாம்.

வந்தார்கள். லவோன்தான் அவளுடைய ஜீப்பை ஓட்டிக்கொண்டு வந்தாள். பக்கத்து இருக்கையில் என் புருஷன். இறங்கி வந்தவன் என்னைப் பார்த்தான், கம்பியைப் பார்த்தான், பிறகு சொன்னான்.

"பரவால்லம்மா. யாருக்கு வேணா நடக்கறதுதான்."

எனக்கு உயிரே போய்விட்டது. இத்தனை வருஷத்தில் அவன் என்னிடம் இப்படிப் பேசியதே இல்லை. இது அடுத்தவர் பெண்டாட்டியிடம் பேசுகிற பேச்சு. இதற்காகத்தானே ஜன்னலில் நின்று வயிறெரிந்தேன்? கையில் கிடைத்தபோது தொடவே பயமாக இருந்தது. இவன் என்னைக் கைகழுவிவிட்டான் என்றே நினைத்தேன்.

"மெதுவா ஏறி உக்காரு. ஸ்டீரிங்க லேசா ஆட்டு. அவசரமே இல்ல."

அதே வார்த்தைகள். ஜீப்பில் ஏறி உட்கார்ந்து ஸ்டீரிங்கை ஆட்டினேன். கண் நிறைந்து முன்னால் எதுவும் தெரியவில்லை. அவன் கைபிரேக் என்று கேட்கவில்லை, நானும் போடவில்லை. அவன் கத்தாமல் என் கை அந்தப் பக்கம் ஒருநாளும் போனதில்லை. பெரிய லீவர் 'பார்க்'கில் இருந்தது, அதைப் பார்த்துவிட்டுக் கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்தேன். அந்த நேரம் பார்த்து, வெண்டல் தட்டிக்கொண்டிருந்த பின் கழன்றது.

ஜீப் பின்னால் உருளத் தொடங்கியது. பின்னால், அவளுடைய ஜீப்புக்கு முன்னே, லவோன் நின்றுகொண்டிருந்தாள்.

"கைபிரேக்கு! ஏய் ஆர்டிஸ், கைபிரேக்குடி, அறிவிருக்கா உனக்கு, இழு, இழு கழுத!"

இழுத்தேன். ஜீப் நின்றது. லவோன் அதன் பின்பக்கத்து ஸ்பேர் டயர் மேல் இரண்டு கைகளையும் வைத்துத் தள்ளிக்கொண்டு நின்றாள், அவள் முதுகு அவளுடைய ஜீப்பைத் தொட்டுக்கொண்டிருந்தது.

அப்புறம் ஆரம்பித்தான் பாருங்கள். குவாரி முழுக்க எதிரொலித்தது. "யாரக் கேட்டுத் தனியாக் கிளம்பின? சின்ன லீவர் நியூட்ரல்ல இருக்கறப்போ 'பார்க்' நிக்காதுன்னு எத்தன தடவ சொல்றது? லவோன் செத்திருப்பா. நீயும் அந்தப் பள்ளத்துல கிடந்திருப்ப."

"என் பிளாஸ்க்க எதுக்கு எடுத்துட்டுப் போன?"

"பிளாஸ்க்கா? பிளாஸ்க்குக்காகவா இந்தக் கூத்து?"

"அவகிட்ட மட்டும் பரவால்ல பரவால்லன்னு உருகற. எனக்குன்னா அறிவிருக்கா."

"அவ ஆரின் பொண்டாட்டி. அவளப் போய் நான் எப்படித் திட்டறது? ஆர்டிஸ், உனக்கு ஏதாவது ஆயிருந்தா நான் யாரோட போய்ச் சண்ட போடுவேன், சொல்லு." குரல் உடைந்ததும் வெட்கப்பட்டுக்கொண்டு முகத்தைத் திருப்பி, கீழே கிடந்த சுத்தியலைத் திட்ட ஆரம்பித்தான்.

போன உயிர் எனக்குத் திரும்பி வந்தது. சிரிக்கக்கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டு திரும்பினால், லவோன் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தை எனக்கு நன்றாகத் தெரியும். பாத்திரம் கழுவுகிற ஜன்னலில் தினமும் நான் வைத்திருந்த முகம்.

"அடி பட்டுதா?" என்று கேட்டேன்.

"இல்ல." கையில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டினாள். "ஆரின் இதவிட மோசம். அவர் கத்தினா முகாமே எழுந்துக்கும்."

"தெரியும்."

"வெண்டல் ரொம்ப நல்லாச் சொல்லிக் குடுத்தார். ஒரு தடவகூடச் சத்தம் போடல. ஆஸ்பத்திரியில கடைசியா நர்ஸெல்லாம் அப்படித்தான் பேசினாங்க." வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாள். "நீங்க ரெண்டு பேரும் ஜீப்ப மாட்டறப்போ நான் ஜன்னல மூடிடுவேன் ஆர்டிஸ். என்னால கேக்க முடியாது. வயிறு எரியும்."

லவோன் தன் ஜீப்பை விலக்கினாள். நான் எங்கள் ஜீப்பை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன். வெண்டல் பெரிய வண்டியை ரிவர்ஸிலேயே எடுத்துச் சாலைக்குக் கொண்டுவந்தான். அங்கே மறுபடி மாட்டினோம். முகாமுக்குத் திரும்பி லவோனின் ஜீப்பையும் அவள் வண்டியில் கட்டினோம். எல்லாம் முடிந்து வெண்டல் ஸ்வெட்டரோடு அவள் வண்டிப் படியில் கால் வைத்தபோது, நான் அவன் சட்டைக் காலரைப் பிடித்துக் கீழே இறக்கினேன்.

"நீ போய் நம்ம வண்டிய ஓட்டு. இங்க நான் உக்காந்துக்கறேன்."

"உனக்கு என்ன தெரியும் சொல்லிக் குடுக்க?"

"உன்கிட்ட இத்தன வருஷம் வாங்கின திட்டு பத்தாதா?"

பொறாமை போய்விட்டதா என்று கேட்டால், போகவில்லை. அந்த இருக்கையில் என் புருஷன் உட்காரக்கூடாது, இன்றைக்கும் கூடாது. ஆனால் அது காலியாகக் கிடப்பதையும் என்னால் பார்க்க முடியவில்லை.

மலை இறங்க ஆரம்பித்ததும் லவோன் ஸ்டீரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டு ஓரமாகவே போனாள். முதலில் நாகரிகமாகத்தான் சொன்னேன். கேட்கவில்லை. சக்கரம் வெள்ளைக் கோட்டின் மேல் ஏறிக் கடகடவென்று அதிர்ந்தது.

"லவோன், கோட்டு மேல ஏறற. உள்ள வா. வாடின்னா, குருடியா நீ? பள்ளத்துல குடும்பம் நடத்தப் போறியா?"

வண்டியை உள்ளே கொண்டுவந்தாள். அதிகமாகப் போய்விட்டேனோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

"ஓட்டறது நானா நீயா?" என்று கத்தினாள் லவோன். கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கக்கூட ஸ்டீரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை. பிறகு சாலையைப் பார்த்தபடியே, "இன்னும் கொஞ்சம் சத்தமாச் சொல்லு" என்றாள்.

மலை இறங்கி முடிக்கும்வரை சொல்லிக்கொண்டே வந்தேன்.