குட்டைப் பென்சில்கள்

ஆரம்ப வகுப்புகளில் பாடவேளையின் எவ்வளவு பங்கு உண்மையாகவே படிப்பிப்பதில் போகிறது என்பதுதான் என் ஆய்வு. அதற்காகப் பெரியகல்லாற்றில் நான் படித்த பள்ளிக்கூடத்தின் கடைசி வாங்கில் உட்கார்ந்திருந்தேன். யன்னலால் அதே வாவிக்காற்று, அதே உப்பு வாடை. படிப்பித்துக்கொண்டிருந்தவள் என்னோடு படித்த வதனி.

ஒரு சிறுமியிடம் கழித்தல் கணக்கொன்று கேட்டாள். பிள்ளை விழித்தது. வதனியோ யன்னலடிக்குப் போய், வாவியைப் பார்த்தபடி பென்சில் சீவத் தொடங்கிவிட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ‘கற்பித்தல் இல்லை’ என்று அழுத்திக் குறித்தேன். கடைசியில் பிள்ளை தானாகவே சரியான விடையைச் சொன்னது.

இடைவேளையில் கேட்டேன்: “பாடத்துக்கு நடுவில பென்சில் சீவுறதா, வதனி?”

“நாம முகத்தைப் பாத்திட்டு நிண்டா, பயத்தில பிள்ளைக்கு விடை வராதுகா. அருந்ததி டீச்சர்ட பழக்கம் இது. உனக்கிட்டக் கேள்வி கேட்டுப்போட்டு அவவும் இப்பிடித்தானே நிண்டவ?”

அருந்ததி டீச்சரின் மேசையில் எல்லாப் பென்சிலும் சுண்டுவிரல் அளவுக்குத் தேய்ந்திருக்கும். கஞ்சத்தனம் என்று வகுப்பே சிரிக்கும், நானும் சிரிப்பேன்.

அந்த வகுப்பில் மெதுவாக யோசிக்கிற பிள்ளை நான் ஒருத்திதான்.