திருப்பத்துக்கு முன்னால்

பல் டாக்டரம்மா மறுபடி வந்து நின்றபோது நான் பட்டறையில் வண்டி தூக்கும் லிஃப்ட்டுக்குக் கீழே நின்று ஒரு பழைய வேனின் ரப்பர் புஷ்ஷைத் தட்டி வெளியே எடுத்துக்கொண்டிருந்தேன். அவருடைய சிவப்பு ஹேட்ச்பேக்கை முடித்துக் கொடுத்து ஐந்து நாள்தான் ஆகியிருந்தது. வேலை செய்து கொடுத்த வண்டி ஐந்தே நாளில் திரும்பி வந்தால் எந்த மெக்கானிக்கும் முதலில் தன் கையைத்தான் சந்தேகப்படுவான். சுத்தியலை வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு போனேன். அவர் வண்டியை விட்டு இறங்கவில்லை. கண்ணாடியை மட்டும் இறக்கினார்.

"வேலையில குறை ஒண்ணும் இல்லண்ணா. ஆனா நான் திருப்பறதுக்கு முன்னாடியே திரும்புது."

சக்கரக் கோணம் அளக்கிற அலைன்மென்ட் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்த என் மனைவி சிரித்துவிட்டாள். "அதுக்குத்தானே டாக்டர் இவரு ரெண்டு நாளா சோறு தண்ணி மறந்து இதுக்குக் கீழயே கிடந்தாரு!"

டாக்டர் சிரிக்கவில்லை.

சின்ன உடம்பில் பெரிய இன்ஜின் வைத்த அந்த மாதிரி வண்டியை என்னிடம் கொண்டுவருபவர்கள் பெரும்பாலும் தொப்பியைத் திருப்பிப் போட்ட பையன்கள். இவருக்கு நாற்பது இருக்கும். இரண்டு தெரு தள்ளிக் கிளினிக். அதிகம் பேசமாட்டார். முதல் தடவை வந்தபோது, "ரவுண்டானால திருப்பினா வண்டியோட மூக்கு வெளிய ஓடுது. நெனச்ச உடனே திரும்பணும்," என்று மட்டும் சொன்னார். என்ன வேண்டும் என்று இவ்வளவு தெளிவாகச் சொல்கிற ஆட்கள் குறைவு. எனக்கு உற்சாகமாகிவிட்டது. ஸ்பிரிங்கை விறைப்பானதாக மாற்றினேன். பின்பக்கம், திருப்பத்தில் வண்டி சாயாமல் பிடிக்கிற ஆன்டி ரோல் பாரைத் தடிமனாகப் போட்டேன். முன்சக்கரங்களின் மேல்விளிம்பு உள்ளே சாயும்படி கேம்பரை இரண்டு டிகிரிக்குக் கொண்டுவந்தேன். கடைசியில் டோ. நாம் நிற்கும்போது பாதங்கள் லேசாக வெளிப்பக்கம் பார்ப்பதுபோல முன்சக்கரங்களையும் மயிரிழை வெளியே பார்க்கவைத்தால், ஸ்டீயரிங்கைத் தொட்டதுமே வண்டி திரும்பத் துடிக்கும். மனைவி திரையைப் பார்த்து எண்களைச் சொல்லச் சொல்ல நான் ஸ்பானரைத் திருகினேன். எங்கள் கல்யாணத்தில் சண்டையில்லாமல் நடக்கிற ஒரே பேச்சு அதுதான் என்று அவள் சொல்வாள்.

"ஏறுங்க, காட்டறேன்," என்றார் டாக்டர்.

காலை பதினொரு மணி இருக்கும். வெயில் வெள்ளையாக அடித்தது. ரவுண்டானாவை நெருங்கியபோது அவருடைய கைகளைப் பார்க்கச் சொன்னார். பல் பிடுங்குகிற கை என்று சொன்னால் நம்பமுடியாத மெல்லிய விரல்கள். ஸ்டீயரிங்கின் இரண்டு பக்கமும் சும்மா படிந்திருந்தன. வண்டி திரும்பியது. அதற்குப் பிறகுதான் விரல்கள் இறுகின. கணுக்கள் வெளுத்ததை நான் பார்த்தேன். வண்டி அப்போது பாதி வட்டம் போயிருந்தது.

"பாத்தீங்களா?"

"ரோடு சரிவா இருக்கும்மா. அதான் இழுக்குது," என்றேன். ரோடு சரிவாக இல்லை. அந்த ரவுண்டானாவில் நான் இருபது வருஷமாக வண்டி ஓட்டிப் பார்க்கிறேன்.

ரவுண்டானாவைத் தாண்டி நேர் ரோட்டுக்கு வந்தார். பிறகு, ஏதோ ஞாபகம் வந்தவர்போல, "சின்னப் பிள்ளைங்களுக்குப் பல்லு பாக்கறப்ப, அது எப்பத் தலைய வெடுக்குன்னு திருப்பும்னு எனக்கு முன்னாடியே தெரிஞ்சிரும். கழுத்துல ஒரு நரம்பு அசையும். பிள்ளைக்கே தெரியாது, எனக்குத் தெரியும்," என்றார். "இப்ப யாரோ என் கழுத்தப் பாத்துக்கிட்டே இருக்கற மாதிரி இருக்கு."

குளிர் சாதனத்தைக் குறைக்கலாமா என்று நினைத்தேன். அது ஓடவே இல்லை.

ஒரு மருந்துக்கடையைத் தாண்டியதும் இடப்பக்க இண்டிகேட்டரைப் போட்டார். "இந்தத் தெருதான் என் வீடு." வண்டி மெதுவானது. அவருடைய இடது கை கீழே இழுத்தது, தோள்வரைக்கும் அந்த முயற்சி தெரிந்தது. ஸ்டீயரிங் அசையவில்லை. பூட்டுப் போட்டதுபோல நின்றது. நாங்கள் தெருவைத் தாண்டி நேராகப் போனோம். இண்டிகேட்டர் மட்டும் டிக் டிக்கென்று அடித்துக்கொண்டிருந்தது.

"இது அஞ்சாவது தடவை," என்றார். "தெருமுனையில இறங்கி வண்டிய விட்டுட்டு நடந்து போறேன். ஏன் பத்து நிமிஷம் லேட்டுன்னு வீட்டுக்காரர் கேப்பாரு. அவரு கேட்டா பதில் சொல்லியாகணும்." சட்டைக் கையை மணிக்கட்டுவரை இழுத்துவிட்டுக்கொண்டார். அந்த வெயிலில் முழுக்கை போட்டிருப்பதை அப்போதுதான் கவனித்தேன். கேட்க வாய் வந்தது. என்னவென்று கேட்பது? வண்டியைப் பற்றி மட்டும் பேசிப் பழகியவன் நான்.

பட்டறைக்குத் திரும்பியதும் வண்டியை என்னிடம் விட்டுவிட்டுப் போனார். அன்று மதியம் முழுக்க அதைக் குடைந்தேன். ஸ்டீயரிங் ராக், டை ராட், லோயர் ஆர்ம், டயரில் காற்று, ஒவ்வொரு போல்ட்டின் முறுக்கம். எதிலும் ஒன்றுமில்லை. மெஷினில் ஏற்றினேன். மனைவி ஐந்து நாளுக்கு முந்தைய தாளையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஒரு புள்ளி கூட மாறலைங்க," என்றாள். "ஓடின வண்டி மாதிரியே இல்ல. கொஞ்சமாவது மாறியிருக்கணும்ல?"

மறுநாள் காலை நான் தனியாக எடுத்துப் போனேன். மார்க்கெட் தாண்டிப் பாலம்வரை போய்த் திரும்புவது என்பது திட்டம். முதல் இரண்டு திருப்பத்திலும் வண்டி சொன்னபடி கேட்டது. அற்புதமாகக் கேட்டது. என் வேலையை நானே ரசித்துக்கொண்டு விசிலடித்தேன். மூன்றாவது சந்திப்பில் நேராகப் போகவேண்டும். பச்சை விழுந்தது. கால் ஆக்சிலேட்டரை அமுக்கியது, வண்டி வலப்பக்கம் சாய்ந்தது. உள்ளங்கைக்குள் ஸ்டீயரிங் ஒரு பிராணி புரள்வதுபோலப் புரண்டது. இழுத்துப் பிடித்தேன். முன்சக்கரங்கள் தரையை அப்படிக் கவ்வியிருந்தன. அந்தப் பிடிப்பைக் கொடுத்தது நான்தான்.

வண்டி எங்கே போகிறது என்பது அந்தத் தெருவுக்குள் நுழைந்தபிறகுதான் உறைத்தது. பொய் சொல்கிறேன். சந்திப்பிலேயே தெரிந்துவிட்டது. தாடைக்குக் கீழே எனக்கு ஒரு கட்டி இருந்தது. அதிலிருந்து ஊசியால் எடுத்துப் பரிசோதனைக்குக் கொடுத்திருந்தேன். முடிவு வந்து பதினோரு நாள் ஆகியிருந்தது. நான் போய் வாங்கவில்லை. மனைவியிடம் அடுத்த மாதம்தான் வரும் என்று சொல்லியிருந்தேன். அந்த நாள்முதல் லேப் இருக்கிற அந்தத் தெருப் பக்கமே வண்டியைத் திருப்பியதில்லை. சுற்றிக்கொண்டு போனேன்.

லேபின் வாசலில் பிரேக்கை மிதித்தேனா, தானாக நின்றதா, இன்றுவரை எனக்குத் தெரியாது. சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தேன். ஸ்டீயரிங் மெல்ல நேரானது. முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. அவர் சொன்னதுபோலவே பிடரியில் ஒரு பார்வை. பின்சீட்டைத் திரும்பிப் பார்த்தேன். டாக்டரின் வெள்ளைக் கோட்டு மடித்து வைத்திருந்தது, அவ்வளவுதான். வெளியே இரண்டு பள்ளிக்கூடப் பெண்கள் ஐஸ் சாப்பிட்டபடி போனார்கள். பட்டப்பகலில், மனுஷர்கள் நடமாடுகிற தெருவில், எனக்குப் பல் கிட்டிப்போயிற்று.

கவுன்டரில் இருந்த பெண் கவரை எடுத்து நீட்டினாள். "மூணு தடவ போன் பண்ணோம் சார். எடுக்கவே இல்ல."

பட்டறைக்கு நடந்தே வந்தேன். கவரைப் பிரிக்காமல் மனைவியிடம் கொடுத்தேன். அவள் தேதியைத்தான் முதலில் பார்த்தாள்.

"பதினோரு நாளா?"

அவள் நின்றபடியே ஒரு தடவை படித்தாள். பிறகு உட்கார்ந்து இன்னொரு தடவை படித்தாள். "ஆரம்பத்துலயே பாத்துட்டோம் போல. எடுத்துட்டாச் சரியாயிரும்," என்றாள். குரல் மெஷின் எண்களைச் சொல்கிற குரலாகவே இருந்தது. தாளை மடித்தபோது மட்டும் ஓரங்கள் சேரவில்லை. மூன்று தடவை மடித்துப் பார்த்தாள். அப்புறம் வண்டிச் சாவியை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டாள். அந்த வண்டியை எடுத்துவர ரெக்கவரி வேனைத்தான் அனுப்பினோம். ஓட்டிவர எனக்கு மனசு வரவில்லை.

சாயங்காலம் டாக்டர் வந்தார்.

"வண்டியில எந்தக் கோளாறும் இல்லம்மா," என்றேன்.

"தெரியும். அதனாலதான் பழையபடி மாத்திடச் சொல்றேன்."

லேபுக்குப் போனதைச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். சொன்னேன். அவர் அசையாமல் கேட்டார். என் மனைவிதான் நாற்காலியை அவர் பக்கம் நகர்த்திப்போட்டு, "டாக்டர், வேற எங்கயாவது போகணும்னா, அக்கா தங்கச்சி வீடுன்னு யாராவது இருக்காங்களா?" என்று கேட்டாள். ஒரு பெண் இன்னொரு பெண்ணிடம் கேட்கிற குரலில் கேட்டாள். டாக்டர் நாற்காலியின் கைப்பிடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பழையபடி மாத்திருங்க," என்றார் மறுபடியும்.

மறுநாள் நாள் முழுக்க அதே வேலை. கம்பெனி ஸ்பிரிங், கம்பெனி பார், கம்பெனி எண்கள். கூர்மையெல்லாம் போய் வண்டி ஒரு மளிகைச் சாமான் வாங்கப் போகிற வண்டியாகிவிட்டது. நானே நாலு தெரு ஓட்டிப் பார்த்தேன். திருப்பினால் திரும்பியது. திருப்பாவிட்டால் சும்மா போயிற்று. என் கைதான் ஒவ்வொரு சந்திப்பிலும் காத்திருந்தது.

மூன்று மணிக்கு டாக்டர் வந்து சாவியை வாங்கிக்கொண்டார். நன்றி சொன்னார். என் தாடையைத் தொடாமல் உற்றுப் பார்த்து, "தள்ளிப்போடாதீங்கண்ணா," என்றார். நானும் மனைவியும் கேட்வரை போனோம். கேட்டுக்கு இடப்பக்கம் அவர் வீட்டுக்குப் போகிற ரோடு. வலப்பக்கம் ஊரைவிட்டு வெளியே போகிறது.

வண்டி கேட்டில் நின்றது. இடப்பக்க இண்டிகேட்டர் மின்னியது. ரோட்டில் ஒரு வண்டியும் இல்லை, ஆனாலும் அவர் எடுக்கவில்லை. இருபது தடவையாவது மின்னியிருக்கும். பிறகு பின்கண்ணாடி வழியாக அவர் இரண்டு கைகளும் மேலே எழுவதைப் பார்த்தோம். கூந்தலைச் சேர்த்துப் பிடித்து நிதானமாக முடிந்துகொண்டிருந்தார். என் மனைவி என் முழங்கையைப் பற்றினாள். இண்டிகேட்டர் இடப்பக்கம் மின்னியபடியே இருக்க, வண்டி மெல்ல நகர்ந்து வலப்பக்கம் திரும்பியது.