சந்தனம் பூசிய கார்டு

ஆயுத பூஜைக்கு அரிவாள், களைக்கொத்து, சைக்கிள் என்று எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்த கொளஞ்சியக்கா, ஏடிஎம் கார்டை மட்டும் சும்மா விடுவாரா? சந்தனத்தைக் குழைத்து, மினுமினுக்கிற அந்தச் சிப்பின் மேலேயே அழுத்தமாக ஒரு பொட்டு. நடுவில் குங்குமம் வேறு. பூஜை விடுமுறை முடிந்த அன்று, புவனகிரி ஏடிஎம் மிஷின் கார்டைத் திரும்பத் திரும்ப வெளியே தள்ளிவிட்டது.

கூட்டுறவுக் கடன் சங்கத்தில் நான் எழுத்தர். வியாழக்கிழமைகளில் பெண்களுக்குக் கார்டு, பாஸ்புக், வட்டி என்று வகுப்பெடுப்பவளும் நான்தான். கார்டை வளைக்காதீர்கள், ஈரத்தில் வைக்காதீர்கள், நம்பரை யாருக்கும் சொல்லாதீர்கள், ரசீது வாங்காமல் நகராதீர்கள் என்று தொண்டை வறளக் கத்தியிருக்கிறேன். பொட்டு வைக்காதீர்கள் என்று சொல்ல யாருக்குத் தோன்றும்?

அக்கா சங்கத்துக்கு ஓடி வந்தபோது கவுண்ட்டரை மூடியிருந்தோம். மகள் கயல்விழி சிதம்பரத்தில் நர்சிங் கல்லூரி ஆபீஸ் வாசலில் காத்திருந்தாள். ஐந்து மணிக்குள் பணம் கட்டாவிட்டால் அவள் சீட் வேறொருத்திக்குப் போய்விடும். கீரை விற்றுச் சேர்த்த காசு கணக்கில் பத்திரமாக இருந்தது, எடுக்கத்தான் வழியில்லை.

"சாமிக்குப் படைச்சது தப்பா இளவரசி?"

"படைங்க, வேணாங்கல. அதுக்குன்னு சிப்பு மேலயா பூசுவாங்க?" என்று எரிந்து விழுந்தேன். அவர் முகம் சுண்டிப்போனதும் எனக்கே பாவமாகிவிட்டது. பென்சில் ரப்பரால் சந்தனத்தைத் தேய்த்தெடுத்தேன். இருவரும் மிஷினுக்கு ஓடினோம்.

இந்தமுறை கார்டை ஏற்றுக்கொண்டு நம்பர் கேட்டது. பதற்றத்தில் அக்கா விரல் தடுமாற, நேரமாகிவிட்டது என்று மிஷின் கார்டைத் திருப்பித் தந்தது.

"நம்பர சொல்லுங்கக்கா, நான் போடறேன். பஸ்ஸு போயிடும்."

அக்கா கார்டை மார்போடு அணைத்துக்கொண்டார். "கோச்சிக்காத இளவரசி. எங்க வூட்டுக்காரருக்கே சொல்லல. நீ செத்த அந்தாண்ட போய் நில்லு."

வெளியே வந்து ரோட்டைப் பார்த்து நின்றேன். சுருக்கென்று கோபம் வந்தது. உள்ளே மிஷின் படபடவென்று நோட்டு எண்ணுகிற சத்தம் கேட்டதும் கோபம் போன இடம் தெரியவில்லை. சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. எண்ணிச் சரிபார்த்துவிட்டுத்தான் அக்கா வெளியே வந்தார். சிதம்பரம் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன்.

ஐந்து மணி தாண்டியும் தகவல் இல்லை. ஒருவழியாகக் கயல்விழி கூப்பிட்டாள்.

"பணம் கட்டியாச்சு மேடம். ஆனா பிரிண்டர் ரிப்பேரு, ரசீது நாளைக்குத் தரேன்றாங்க. அம்மா கவுண்ட்டர விட்டு நவுர மாட்டேங்குது. ஆபீஸ பூட்ட முடியாம எல்லாரும் நிக்கறாங்க. நீங்களாச்சும் சொல்லுங்க மேடம்."

"கையால எழுதி சீல் வச்சித் தரச் சொல்லு," என்றேன். "அதுவரைக்கும் அம்மா அங்கயே நிக்கட்டும்."